பெட்டி பேசுமா, கூம்பு பேசுமா?

முதல் தடவை தந்தி கட்டி முடித்து மடியில் வைத்துக் கொடுத்ததும் நண்பன் பத்து நிமிடம் வாசித்தான். பிறகு ஒரே ஒரு வரி சொன்னான்: "நல்லா சத்தமா இருக்குடா."

பதினைந்து வருடமாக கிட்டார் வாசிப்பவன் அவன். "நல்லா இருக்கு" என்று அவன் சொல்லவில்லை. நாம் எழுதிய கதையைப் படித்துவிட்டு ஒருவர் "எழுத்துப்பிழையே இல்ல" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

ஒன்றரை வருட சனி ஞாயிறுகள் அதில் போயிருந்தன. நான் செய்தது மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்லைடு கிட்டார். விரலால் தந்தியை அழுத்துவதில்லை. ஒரு எஃகுத் துண்டைத் தந்திமேல் வைத்து நகர்த்துவது. அதன் கழுத்து, வீணைக்காரர்கள் மொழியில் தண்டி, உள்ளே கூடாக இருக்கும். அதாவது உடல் எங்கே முடிகிறது, தண்டி எங்கே தொடங்குகிறது என்ற தடுப்பே கிடையாது. ஒரே பெட்டி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகிப் போகிறது. அதன் நடுவில் தகடு போல மெல்லிய ஓர் அலுமினியக் கூம்பு. தந்திகளைத் தாங்கும் குதிரை மரத்தின் மேல் உட்காராமல் இந்தக் கூம்பின் மேல் உட்காரும். முதலாவதற்குப் பெயர் வைஸன்பார்ன் பாணி. இரண்டாவதற்குப் பெயர் ரெசனேட்டர். நான் இரண்டையும் சேர்த்தேன். இரண்டுமே தனித்தனியாக நன்றாக இருக்கின்றன, சேர்த்தால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும்? மென்பொருள்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

மரம் அறுக்க ஒரு ஆசாரி அண்ணனின் பட்டறையைத்தான் நம்பியிருந்தேன். கதவு, ஜன்னல், பூஜை மண்டபம் செய்கிறவர். நான் கொண்டுபோன வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல பேசப்போறது யாரு? பொட்டியா, இந்தத் தட்டா?"

"ரெண்டும்ணே."

"ரெண்டு பேரும் ஒண்ணா பேசுனா யாருக்குப்பா கேக்கும்?"

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று புரிய எனக்கு ஒரு கிட்டார் வீணாக வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். ஒரு நாவலை எப்படி விமர்சிக்கிறோமோ அப்படி ஒரு வாத்தியத்தையும் விமர்சிக்க முடியும் என்று நினைக்கிறேன். அதன் வடிவம் எதைச் சொல்ல வருகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அது வைத்துக்கொள்ளும் லட்சியமும் அதன் உடம்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம்.

*

கதை ஹவாயில் தொடங்குகிறது. ஓவாஹு தீவின் லாயி ஊரைச் சேர்ந்த ஜோசப் கெக்குகு என்ற பையன், 1889 வாக்கில், எஃகுத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தான் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. அவன் அதை அமெரிக்கப் பெருநிலத்துக்கும் பிறகு ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனான். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியில் ஹவாய் அரங்கம் ஒன்று இருந்தது. அங்கே கேட்ட இசை அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. அடுத்த சில வருடங்களில் ஹவாய் இசைத்தட்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

இந்த வாசிப்பு முறையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. சாதாரண கிட்டாரின் சத்தம் குறைவு. வீட்டுத் திண்ணைக்கு அது போதும். நாடக அரங்கிலோ நடனக்கூடத்திலோ, டிரம்ஸுக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் நடுவில், காணாமல் போய்விடும். மைக் வைத்து ஒலிபெருக்கும் வசதி மேடைகளுக்கு இன்னும் வராத காலம். ஆகவே சத்தம் வேண்டும், அதுவும் மரத்திலிருந்தும் தகரத்திலிருந்தும்தான் வர வேண்டும்.

இதற்கு இரண்டு பதில்கள் வந்தன. இரண்டுமே கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் வந்து சேர்ந்தன.

முதல் பதில் மரத்திலிருந்து வந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ் நட்சன், மடியில் வைத்து வாசிக்கவென்றே கூடான தண்டியுள்ள கிட்டார்களைச் செய்தார். ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்மன் வைஸன்பார்ன் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஹவாயின் கோவா மரத்தில், மிக மெல்லிய பலகைகளால், ஒரு தனி மொழியாகவே ஆக்கினார். விரலால் அழுத்தி வாசிக்கப்போவதில்லை என்பதால் தண்டி கைக்கு அடக்கமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அகலமாக, சதுரமாக, உள்ளே காலியாக இருக்கலாம். ஒரு கட்டுப்பாடு நீங்கியதும் வடிவம் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது பதில் உலோகத்திலிருந்து வந்தது. ஜார்ஜ் போஷாம்ப் ஒரு மேடைக் கலைஞர், ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர். சத்தமான கிட்டார் வேண்டும் என்று ஜான் டோபியேராவிடம் போனார். டோபியேரா, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியின் பகுதியாக இருந்த ஸ்லோவாக்கியாவில் பிறந்து, குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்கு வந்த வாத்தியத் தச்சர். கிராமபோன் குழாய் மாதிரி ஒன்றைக் கிட்டாரோடு சேர்த்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அதன் பிறகு வந்ததுதான் ட்ரைகோன்: ஆறு அங்குல அலுமினியக் கூம்புகள் மூன்று, அவற்றை இணைக்கும் ஆங்கில டீ எழுத்து வடிவப் பாலம், வெளியே உலோக உடல். 1927-இல் நேஷனல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கொஞ்ச காலத்திலேயே கூட்டாளிகளுக்குள் பிரச்சினை. டோபியேரா விலகி, சகோதரர்களோடு சேர்ந்து டோப்ரோ தொடங்கினார். டோபியேரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம் அது. ஸ்லோவாக் மொழியில் 'நல்லது' என்றும் பொருள். டோப்ரோவில் பத்தரை அங்குலக் கூம்பு ஒன்றே ஒன்று. அதுவும் கிண்ணம் போல மல்லாந்து கிடக்கும். குதிரையின் அசைவை எட்டுக்கால் சிலந்தி மாதிரியான ஒரு வார்ப்புச் சட்டம் கூம்பின் விளிம்புக்குக் கொண்டுபோகும்.

*

இனிக் கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு விஷயம்தான்.

கூம்பு சத்தத்தைக் கூட்டுகிறது என்கிறோம். உண்மையில் அது எதையும் கூட்டுவதில்லை. அதற்குள் பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. தந்தியை மீட்டும்போது விரல் கொடுத்த ஆற்றல் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கிறது. மெல்லிய தந்தியால் காற்றை நேரடியாகத் தள்ள முடியாது. கத்தியால் தண்ணீரை இறைப்பது மாதிரி. அகலமான, லேசான, ஆனால் விறைப்பான ஒரு பரப்பு நடுவில் வேண்டும். கூம்பு அந்த வேலையை மரப்பலகையைவிட வேகமாகச் செய்கிறது. தந்தியிடம் இருக்கும் ஆற்றலை வாங்கிச் சட்டென்று காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

"சட்டென்று" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. சம்பளம் அதேதான், முதல் வாரத்திலேயே செலவழித்தால் நான்காவது வாரத்தில் கை காலி. சத்தம் கூடும்போது கார்வை குறைகிறது. கூம்பு வைத்த கிட்டாரில் ஸ்வரம் பளீரென்று பிறந்து சீக்கிரம் அடங்குகிறது. ஆகவே சத்தத்துக்கான விலை நேரம். எந்த வாத்தியத் தச்சரும் இந்த விலையைக் கொடுக்காமல் தப்ப முடியாது. எந்த வழியில் கொடுப்பது என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கலாம்.

சரி, கூடான தண்டி என்ன செய்கிறது? "உள்ளே காற்று அதிகம், அதனால் ஒலி ஆழம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்பினேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பெட்டியில் தண்டிப் பகுதி சேர்த்த காற்று மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வெண், கொள்ளளவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும். அப்படியானால் பத்து சதவீதம் காற்று கூடினால் அதிர்வெண் ஐந்து சதவீதம்கூட இறங்காது. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் குறைவு. அதை வைத்து 'ஆழம்' என்ற பெரிய வார்த்தையைக் கட்ட முடியாது.

வைஸன்பார்னின் குரல் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் மேல்பலகை மெல்லியது, உள்ளே தாங்குகட்டைகள் சிறியவை, தண்டியில் கனமான கட்டை இல்லை. மடியில் வைத்தால் முழு வாத்தியமும் அதிர்வது தொடைக்குத் தெரியும். அது உடம்பு முழுவதாலும் பேசும் கிட்டார். கூடான தண்டி அந்த லேசான உடம்பின் ஒரு விளைவு. மந்திரக் குகை ஒன்றும் கிடையாது.

இப்போது ஆசாரி அண்ணன் கேள்விக்கு வருவோம்.

வைஸன்பார்னுக்கு உடல் அசைய வேண்டும். கூம்புக்கு உடல் அசையக் கூடாது. கூம்பின் விளிம்பு உட்காரும் வளையம் ஆடினால், கூம்பு காற்றைத் தள்ள வேண்டிய ஆற்றலை மரத்தை ஆட்டுவதில் செலவழிக்கும். நீச்சல் குளத்தின் சுவரை உதைத்துப் பாய்வதற்குப் பதில், மிதக்கும் படகை உதைப்பது மாதிரி. வளையம் ஒரு நூல் அளவு சமமில்லாமல் இருந்தாலும் கூம்பு கொசு மாதிரி இரையும். அது போக இழுவிசை. ஆறு தந்திகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். வைஸன்பார்னில் அந்த இழுவை மேல்பலகையில் ஒட்டிய குதிரையைத் திருக முயலும். கூம்பு வைத்ததில் தந்திகள் உடலின் அடிமுனையில் போய்க் கட்டப்படுகின்றன. குதிரை கீழே அழுத்தப்படுகிறது. முழுப் பெட்டியும் வில் மாதிரி வளையப் பார்க்கிறது. அப்படி வளையப் பார்க்கும் பெட்டியின் நடுவில்தான் நான் பத்தரை அங்குலத்துக்கு வட்டமாக ஓட்டை போட்டேன்! தண்டி அகன்று உடலாகும் தோள்பட்டையில் தடுப்பும் இல்லை. மூன்றாவது மாதத்தில் தந்திகள் எழும்பத் தொடங்கின.

இரண்டு பேரும் ஒன்றாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? என் கிட்டாரில் பெட்டியும் சரியாகப் பேசவில்லை, கூம்பும் சரியாகப் பேசவில்லை. சத்தம் மட்டும் இருந்தது. நண்பன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

*

இந்தச் சேர்க்கையே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. முதல் ட்ரைகோன்களிலேயே அது இருந்தது என்பதுதான் வேடிக்கை. மடியில் வாசிப்பதற்கான சதுரக்கழுத்து நேஷனல்களின் தண்டி கூடானது. உடலைச் செய்த அதே உலோகத் தகடு அப்படியே நீண்டு தலைவரை போகும். ஜெர்மன் சில்வர் என்று பெயர். வெள்ளி ஒரு துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. ஆனால் அங்கே யார் பேசுவது என்பதில் குழப்பமே இல்லை. உலோகப் பெட்டி கூம்புகளைத் தாங்கிப் பிடித்து நிற்கிறது. மூன்று கூம்புகள் பேசுகின்றன. தண்டி கூடாக இருப்பது தகட்டு வேலையின் எளிமைக்காகவும் எடைக்காகவும் என்று கொண்டாலும் போதும். குரலுக்கு அது போட்டியாக வருவதில்லை. சோல் ஹோஓபி என்ற ஹவாய்க் கலைஞர் 1920-களின் கடைசியில் ட்ரைகோனில் வாசித்த இசைத்தட்டுகள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. கேட்டுப்பாருங்கள். ஜாஸ் வேகத்தில் ஓடும் அந்த ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழியாமல், தனித்தனியாக, நறுக்குத் தெறித்தாற்போல விழுகின்றன. கார்வை குறைவு என்ற பலவீனம் அங்கே தெளிவாக மாறியிருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சத்தமான கிட்டார் கேட்ட அதே போஷாம்ப், நேஷனலுக்கு உலோக உடல்களைச் செய்துகொடுத்த அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து, 1932-இல் ஒரு புதிய மடிக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அலுமினிய வார்ப்பு, நீண்ட கைப்பிடியோடு வட்டமாக இருந்ததால் வறுசட்டி என்று பட்டப்பெயர். அதற்குப் பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை. காந்தம் தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றியது, மிச்சத்தை ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டது. மின்சார கிட்டார் பிறந்துவிட்டது. கார்வையை இழக்காமலே சத்தம் வந்தது, ஏனென்றால் ஆற்றலைச் சுவரிலிருந்த மின்இணைப்பு கொடுத்தது. கூம்பு எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததோ, அந்தக் கேள்வியே ஐந்து வருடத்தில் செத்துப்போனது. வைஸன்பார்னும் அதே காலத்தில் வழக்கிலிருந்து போனது.

பயன் தீர்ந்துபோன கருவி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இவை போகவில்லை. 1955-இல் ஜோஷ் கிரேவ்ஸ், ஃபிளாட் அண்ட் ஸ்கிரக்ஸ் குழுவில் டோப்ரோவோடு சேர்ந்தார். ஏர்ல் ஸ்கிரக்ஸின் பாஞ்சோ வாசிப்பிலிருந்து மூன்று விரல் உருட்டலை எடுத்து டோப்ரோவில் போட்டார். அந்த வேகத்துக்கு நீண்ட கார்வை இடைஞ்சல். சீக்கிரம் அடங்கும் ஸ்வரம்தான் வேண்டும். இதற்கு நேர் எதிராக, டேவிட் லிண்ட்லியும் அவருக்குப் பின் பென் ஹார்ப்பரும் வைஸன்பார்னை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தபோது, அவர்கள் தேடியது வேகத்தை அல்ல. ஹார்ப்பரின் 1994 முதல் ஆல்பத்தில் தந்தியை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமை இருக்கிறது. ஒரே மடி, ஒரே எஃகுத் துண்டு, ஆனால் இரண்டு வாத்தியங்கள் இரண்டு விதமான காலத்தைக் கொடுக்கின்றன. கலைஞர்கள் அந்தந்தக் காலத்துக்குள் போய்க் குடியிருந்தார்கள். சத்தம் என்ற தேவை இருந்தவரை இந்தக் குறைகள் குறைகளாகவே இருந்தன. தேவை போன பிறகுதான் அவை குணங்கள் என்று தெரிந்தது.

*

இன்றைக்குக் கூடான தண்டியையும் கூம்பையும் சேர்த்துச் செய்யும் தச்சர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வேலையை விளக்கும் மொழிதான் எனக்குப் பிரச்சினை. "வைஸன்பார்னின் இதம், டோப்ரோவின் கூர்மை, இரண்டும் ஒன்றாக." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகப் படித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. இது விளம்பரத்தின் மொழி. இதற்குள் விலை இல்லை. இதமும் கூர்மையும் கடைத்தட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டப்பாக்கள், இரண்டையும் கூடையில் போட்டுக்கொள்ளலாம் என்பது மாதிரி. நானும் அந்த மொழியில் யோசித்துத்தான் வரைபடம் போட்டேன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இங்கே என் வாதத்துக்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. பழைய டோப்ரோக்களில் கூம்பைச் சுற்றி, மேல்பலகையையும் அடிப்பலகையையும் இணைத்து, ஓட்டைகள் போட்ட ஒரு மரவளையம் இருக்கும். பிற்காலத்தில் டிம் ஷீர்ஹார்ன் போன்ற தச்சர்கள் அந்த வளையத்தை எடுத்துவிட்டு, சில மரத்தூண்களை மட்டும் வைத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். உடல் கூடுதலாக மூச்சுவிட்டது. அடிஸ்தாயி கனத்தது, கார்வையும் கூடியது. ஜெரி டக்ளஸ் போன்ற மேதைகள் அதைத்தான் வாசிக்கிறார்கள். அப்போது "பெட்டி அசையக் கூடாது" என்று நான் சொன்னது பொய்யா?

பாதி பொய் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் செய்ததைக் கவனித்துப் பார்த்தால் ஒரு முன்னுரிமை தெரியும். கூம்பு உட்காரும் விளிம்பை அவர்கள் இன்னும் உறுதியாக்கினார்கள், தூண்கள் அதற்குத்தான். விளிம்பு நிலைத்த பிறகு, மிச்ச உடலுக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள். கூம்பு பேசும், பெட்டி 'ம்' கொட்டும். இது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதிலிருந்து ரொம்ப வித்தியாசமானது. நான் விளிம்பையும் லேசாக வைத்தேன், தோள்பட்டையையும் காலியாக வைத்தேன். யாரையும் புண்படுத்த விரும்பாமல் எல்லோருக்கும் சரி சொல்லும் ஆளின் வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தப் பெட்டி.

*

விலையைக் கொடுப்பதற்கு மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. அதைக் கேட்க 2003-இல் வெளிவந்த 'மஹிமா' ஆல்பத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் பாப் ப்ரோஸ்மன், நேஷனல் கிட்டார்களுக்கு வாழ்க்கையையே கொடுத்த அமெரிக்கர். அவற்றின் வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதியவர். மறுபக்கம் கொல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா.

இந்தச் சந்திப்புக்கு ஒரு முன்கதை உண்டு. ஹவாயைச் சேர்ந்த ஸ்டீல் கிட்டார் கலைஞர் டாவ் மோ, ஆசியா முழுக்கச் சுற்றி, 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் வாழ்ந்தார். வங்காளத்தில் ஹவாய் கிட்டார் வீட்டு வாத்தியமாகவே ஆனது. பிறகு அலி அக்பர் கானின் மாணவர் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவுடன் அவர் சேர்ந்த 'கால் ஆஃப் தி வேலி' 1967-இல் வந்தது. காப்ராவிடம் படித்தவர் தேபாஷிஷ். ப்ரோஸ்மனோ, வயதான டாவ் மோ குடும்பத்தோடு சேர்ந்து அவர்களுடைய இளமைக்காலப் பாடல்களை 1989-இல் ஆல்பமாக்கியவர். ஆக ஒரே நதியின் இரண்டு கிளைகள் 'மஹிமா'வில் சந்திக்கின்றன.

தேபாஷிஷ் தானே வடிவமைத்த வாத்தியத்துக்குச் சதுரங்கி என்று பெயர். அதன் தண்டியும் கூடானது. ஆனால் கூம்பு கிடையாது. இருபதுக்கும் மேற்பட்ட தந்திகள். வாசிக்கும் தந்திகளோடு, தொடாமலே அதிரும் தரப் தந்திகளும் உண்டு. ஒரு ஸ்வரத்தை மீட்டினால் அதே சுருதியில் இருக்கும் தரப் தந்தி தானாக எழுந்து, முதல் தந்தி அடங்கிய பிறகும் மெலிதாக நீடிக்கும். இழந்த நேரத்தை வட்டியில்லாக் கடனாக வாங்கித் திருப்பித் தருவது மாதிரி. அங்கேயும் புதிய ஆற்றல் எதுவும் வருவதில்லை. ஒரு பங்கு ஒதுக்கி வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஆல்பத்தை ஒரு கலாச்சார நல்லிணக்கப் படமாகக் கேட்பவர்கள் நிறைய. எனக்கு அது அவ்வளவு சுவாரசியமாகப் படவில்லை. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஸ்வரங்களின் வாலை மட்டும் கேளுங்கள். ஒரு கிட்டாரின் ஸ்வரம் முகத்தில் வந்து விழுந்து அடங்குகிறது. இன்னொன்றின் ஸ்வரம் போகப்போகப் பின்னால் ஒரு ஈரம் விட்டுச் செல்கிறது. இருவரும் சம வேகத்தில் ஓடும் இடங்கள் கைதட்டலுக்கானவை. எனக்கு அவை ஆல்பத்தின் பலவீனமான இடங்கள், ஏனென்றால் அங்கே இரண்டு வாத்தியங்களும் ஒன்று போலாகிவிடுகின்றன. வேகம் குறைந்து ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் காத்திருக்கும்போதுதான் ஆல்பம் உயர்கிறது. இரண்டு காலங்களும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நான் ஒரே பெட்டிக்குள் செய்ய முயன்றதை அவர்கள் இரண்டு பெட்டிகளை வைத்துச் செய்தார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு: கோட்டுவாத்தியம், இன்றைய பெயரில் சித்திரவீணை. மெட்டுகள் கிடையாது, தந்திமேல் உருளைக்கட்டையை நகர்த்தி வாசிப்பது, அடியில் தரப் தந்திகள், வீணையைப் போலவே பலாமரத்தைக் குடைந்த தண்டி. திருவிடைமருதூர் சகாராம் ராவ், நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் என்று அதற்குத் தனி வரிசையே இருக்கிறது. ஹவாய்க்கு முந்தி நாம்தான் கண்டுபிடித்தோம் என்று சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த விளையாட்டில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்த வாத்தியத்தில் யார் பேசுவது என்ற கேள்விக்குச் சந்தேகமே இல்லாத பதில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அந்த நடுவழிதான் அங்கே பேசுகிறது. குடம், தண்டி, தரப் எல்லாம் அந்த நடுவழி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வந்தவை.

அப்படியானால் வாத்தியம் செய்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன மரம்? எத்தனை அங்குலக் கூம்பு?" என்பது இல்லை. எந்த மாதிரி ஸ்வரம், எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும்? அதற்குப் பதில் இசையிலிருந்துதான் வர முடியும். நான் ஒன்றரை வருடம் வரைபடத்தில் தேடினேன்.

*

போன மாதம் அடிப்பலகையைச் சூடுகாட்டிப் பிரித்தேன். பலாமரம், பட்டறையில் மிஞ்சிய துண்டுகளிலிருந்து தேடி எடுத்தது. பிரிக்கும்போது ஒரு ஓரம் சிதைந்தது. நண்பனிடம் முதல்முறையாகக் கேட்டேன், இதில் நீ என்ன வாசிக்க ஆசைப்படுகிறாய் என்று. வேகமாக வாசிக்கணும், ஒவ்வொரு ஸ்வரமும் தனியா கேக்கணும் என்றான். பேசப்போவது கூம்பு என்று முடிவானது.

கூம்பு உட்காரும் விளிம்புக்கு அடியில் இன்னொரு வளையம் ஒட்டினேன். அடிப்பலகைவரை நான்கு தூண்கள் கொடுத்தேன். கடைசியாக மிஞ்சியது தோள்பட்டை. பெட்டி வளையாமல் இருக்க அங்கே ஒரு கட்டை வைத்துத் தண்டியை அடைக்க வேண்டும். அந்தத் தண்டியை உள்ளே வழவழப்பாக இழைத்து எடுக்க மட்டும் எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. யார் கண்ணிலும் படாத இடம்தான், ஆனாலும் மெழுகு பூசி வைத்திருந்தேன்.

ஆசாரி அண்ணன் கட்டையை அளவாக அறுத்து, பசை தடவி, என் கையில் கொடுத்தார். "நீயே வை" என்றார்.

வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்து வாசித்தான். இந்த முறை அரை மணி நேரம். நடுவில் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான், எனக்காக இல்லை, அவனுக்காக. முடித்துவிட்டு, "முன்னாடி கீழ ஒரு குண்டான சத்தம் இருந்துச்சே, அது போச்சுடா" என்றான்.

"ஆமா. போச்சு" என்றேன்.

"சரி, இது இந்த வாரம் எங்கிட்ட இருக்கட்டும்" என்று உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.